மாடிக்குப் போகும் கண்ணாடி

கண்ணாடியின் கீழ் விளிம்பைப் பழைய கம்பளித் துண்டின் மேல் ஊன்றி, மேல் விளிம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மாடிப்படியின் அடியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் கண்ணாடிக்காரர். கிட்டத்தட்ட ஆள் உயரக் கண்ணாடி. தூக்க இன்னோர் ஆள் வேண்டும் என்பது பார்த்தவுடனே தெரியும். கடைகளில் விளக்குப் போடுகிற நேரம். எதிர்ச் சாரியில் ஒருவர் விறுவிறுவென்று நடந்து போகிறார். போனவர் நின்று கைப்பேசியைப் பார்க்கிறார். மாடியை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு, எதையோ மறந்தவர் போல வந்த வழியே திரும்புகிறார். கொஞ்சம் கழித்து மறுபடி வருகிறார். இப்போது கண்ணாடிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இத மேல கொண்டுபோகணும். கூட வந்த ஆளு காணாமப் போயிட்டான். கொஞ்சம் ஒரு கை பிடிக்கிறீங்களா?"

கூட வந்த ஆள் என்று ஒருவன் கிடையவே கிடையாது. மேலே கண்ணாடி போட வேண்டிய ஜன்னலும் கிடையாது. இதே கண்ணாடி போன வாரமும் மேலே போனது, அதற்கு முந்தின வாரமும் போனது. மேலே இருப்பது, குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் வாரம் ஒரு முறை கூடிப் பேசுகிற அறை. அதைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் படி வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடுகிறார்கள். அந்தப் பாதிப் பேருக்காகத்தான் இந்தக் கண்ணாடி.

"கண்ணாடி தூக்கினவன் பாதியில விட்டுட்டு ஓட முடியாது பாருங்க. ரெண்டு கையும் மாட்டிக்கிச்சு. கண்ணு படிமேல. மனசு பூரா 'உடைஞ்சிருமோ, உடைஞ்சிருமோ'ன்னு அதுலயே இருக்கும். வேற எதையும் நெனைக்க நேரமில்ல. நெனச்சு முடிக்கறதுக்குள்ள மேல வந்துடுவான்" என்பார் அவர்.

எப்போதும் கீழ்ப்பக்கத்தைத் தான் பிடித்துக்கொள்வார். படியேறும்போது பாரமெல்லாம் கீழே நிற்பவன் மேல்தான் இறங்கும். மேலே போனதும் கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்து வைப்பார். உடனே வாசலை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, வந்தவருக்குப் படி நன்றாகத் தெரியும்படி வழி விடுவார். "ரொம்ப நன்றிண்ணே. போறதுன்னா போகலாம். இருக்கறதுன்னா டீ இருக்கு." சொல்லிவிட்டு இடுப்பில் செருகிய துணியை எடுத்துக் கண்ணாடியில் பதிந்த கைரேகைகளைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். வந்தவரைத் திரும்பிப் பார்க்க மாட்டார். இருப்பதும் போவதும் அவர் பாடு.

இதையெல்லாம் நான் வேடிக்கை பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தக் கண்ணாடியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். எனக்குக் குடிப் பழக்கம் கிடையாது. எனக்கு இருந்தது கடைவாய்ப் பல் வலி. அந்தத் தெருவில் ஒரு பல் மருத்துவர் இருப்பதாகச் சொன்னார்கள் என்று, வீங்கின கன்னத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு மேலும் கீழும் அலைந்துகொண்டிருந்தேன். முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு மனுஷன் மாடியை மாடியைப் பார்த்தால் கண்ணாடிக்காரர் என்ன நினைப்பார்? வலியோடு வலியாக ஒரு கை பிடித்தேன். மேலே போனதும் தேநீர்க் குவளையைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்கள். "நான் பல் டாக்டரைத் தேடி வந்தவன்" என்றேன். அறை முழுவதும் அன்போடு தலையாட்டியது. பக்கத்தில் இருந்த பெரியவர் என் முழங்காலில் தட்டி, "ஒண்ணும் அவசரமில்ல தம்பி. நான் எலக்ட்ரிக் பில் கட்டத்தான் வந்தேன்னு ஒரு மாசம் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார்.

கூட்டம் முடிகிற வரைக்கும் என் பல்லை யாரும் நம்பவில்லை. வாயைத் திறந்து காட்டியபின்தான் கண்ணாடிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அட, நெசமாவே பல்லுதான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மருத்துவர் வீட்டு வாசல் வரைக்கும் கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டார். கேட்டுக்கொண்டே சிரித்தார். அன்றிலிருந்து பழக்கம். வெளியாட்களும் வந்து உட்காரலாம் என்று மாதத்துக்கு ஒரு கூட்டம் வைக்கிறார்கள். அதற்குத் தவறாமல் போகிறேன்.

கண்ணாடிக்காரர் ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். காதில் எப்போதும் மெழுகுப் பென்சில். விரல்களில் புதிதும் பழையதுமாகக் கீறல்கள், அவற்றுக்கு மேல் அழுக்கான பிளாஸ்திரி. கடை சின்னது. உள்ளே ஒரு மேஜை, அதன்மேல் போர்வை, போர்வையில் மினுமினுக்கும் தூள். வெட்டும் கத்தியை எண்ணெயில் தொட்டு, அளவுகோலை அணைத்து, ஒரே இழுப்பு. 'கிர்ர்' என்று ஒரு சத்தம். பிறகு மேஜை விளிம்பில் வைத்து மெல்ல ஓர் அழுத்து. கோடு போட்ட இடத்தில் சொன்னபடி பிரிந்து கொடுக்கும். "ஒரு தரம்தான் இழுக்கணும். சரியா விழலயேன்னு ரெண்டாவது தரம் இழுத்தீங்க, அப்புறம் அது இஷ்டத்துக்குத்தான் உடையும்."

ஆட்களைக் கூட அவர் கண்ணாடிக் கணக்கில்தான் சொல்வார். எலக்ட்ரிக் பில் பெரியவர் பன்னிரண்டு மில்லி கனம், யானை மிதித்தாலும் தாங்குவாராம். நான் நாலு மில்லி. "ஜன்னலுக்குப் போதும் சார், கோவிச்சுக்காதீங்க." தன்னைப் பற்றிக் கேட்டால், "நான் ஒட்டுக் கண்ணாடி" என்று முடித்துக்கொள்வார். மனைவியைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறும். "அவ சூட்டுல வெச்சு எடுத்த கண்ணாடி சார். நடுவுல சுத்தியலால அடிச்சாலும் அசையாது. ஆனா அந்த ஜாதிக் கண்ணாடிக்கு ஓரம்தான் சத்ரு. ஓரத்துல ஒரு சின்னத் தட்டு பட்டாப் போதும், மொத்தமா உதிர்ந்துடும். அவளுக்கு அந்த ஓரம் அவ தம்பி."

அந்தத் தம்பி, அதாவது இவருடைய மச்சினன், பின்னால் வருவான். அதற்கு முன் இவர் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இவர் குடித்த காலத்தில் காலையில் கை நடுங்கும். நடுங்குகிற கையால் கண்ணாடி வெட்ட முடியாது. நடுக்கம் நிற்க ஒரு வாய் ஊற்றிக்கொள்வார். நடுக்கம் நின்றுவிடும், அளவு தப்பிவிடும். பிறகு அந்த ஆத்திரத்துக்கு இன்னொரு வாய். மச்சினன் அப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். குடிப்பதில்லை. தெருவில் கிடக்கிற மாமாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வீட்டில் இறக்குவது அவன் வேலை. ஒரு நாள் பொறுமை போய், இவரை ஓர் அறையில் தள்ளி வெளியே பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அக்கா மேல் வைத்த பாசத்தில் செய்ததுதான். உள்ளே இவர் கத்தினார், கெஞ்சினார், கதவைக் காலால் உதைத்தார். "தெறந்து விட்டதும் நான் எங்க போனேன்னு நெனைக்கிறீங்க? நேரா அங்கதான். போட்ட செருப்பு கூட என்னுது இல்ல. கதவைச் சாத்தினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் சார்."

பிறகு ஒரு மருத்துவர் இந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லித் தெருவின் அடையாளமும் சொன்னார். இவர் வந்தார். கீழே இருந்த கடையில் மெதுவான குரலில் வழி கேட்டார். கடைக்காரர் கெட்டவர் இல்லை, குரல்தான் பெரியது. "யாரு, குடிகாரங்க மீட்டிங்கா? இப்படியே மேல போங்க!" என்றார். தெருவே திரும்பிப் பார்த்தது. இவர் மேலே போகவில்லை. அடுத்து அந்தத் தெருப் பக்கம் வரவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அப்போதும் குடியை விட வரவில்லை, பிழைப்புக்கு வந்தார். மேலே அந்த அறையில் பகலில் தையல் வகுப்பு நடக்கிறது. அதன் ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்துவிட்டது, போட்டுக் கொடுக்க வேண்டும் என்று வகுப்பு நடத்தும் அம்மா கூப்பிட்டிருந்தார். கண்ணாடியைப் பொருத்தி, அது அசையாமல் பிடிக்க ஓரத்தில் மக்குப் பசை தடவிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஆட்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. கூட்டம் தொடங்கிவிட்டது. யாரோ பேசினார்கள். காலையில் கை நடுங்குவதைப் பற்றி.

"என் வேலை முடிஞ்சிருச்சு சார். ஆனா மக்கு தடவிக்கிட்டே இருந்தேன். தடவின எடத்துலயே தடவறேன். திரும்பல. முதுகு பூராக் காதா இருந்துச்சு. வேலையா வந்தவன்தானே, யாரும் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா ஓடியிருப்பேன்."

அடுத்த வாரம், மக்கு காய்ந்துவிட்டதா என்று பார்க்க வந்தார். அதற்கடுத்த வாரமும் பார்க்க வந்தார். உலகத்திலேயே இவ்வளவு அக்கறையோடு காயவிடப்பட்ட மக்கு வேறெங்கும் இருக்காது. ஒருநாள் எலக்ட்ரிக் பில் பெரியவர் ஒன்றும் பேசாமல் ஒரு நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டார். அதில் உட்கார்ந்தவர்தான்.

குடியை விட்டவருக்கு வேகம் வந்தால் கேட்க வேண்டுமா? தான் அலைந்தது போல் யாரும் அலையக் கூடாது என்று, பெரிய கண்ணாடி ஒன்றில் கொட்டை கொட்டையாக ஒட்டு எழுத்து வாங்கி ஒட்டி, பின்னால் விளக்குப் போட்டு, அம்புக்குறியோடு மாடிப்படி வாசலில் மாட்டினார். 'குடியை விட விரும்புவோர் இவ்வழியே வரவும்.' தெருமுனையிலிருந்து படிக்கலாம். அவ்வளவு பிரமாதமான பலகை. அதை மாட்டின நாளிலிருந்து புதிதாக ஒரு ஈ காக்கை ஏறவில்லை. அந்த அம்புக்குறிக்குக் கீழே, அத்தனை வெளிச்சத்தில், தெரு பார்க்க எவன் திரும்புவான்? தன் தலையிலேயே குட்டிக்கொண்டு பலகையைக் கழற்றினார். எழுத்துகளைச் சுரண்டி எடுத்தார். இப்போது வாராவாரம் மாடிக்குப் போகிற கண்ணாடி அதுதான். சாய்த்துப் பார்த்தால் அம்புக்குறி இருந்த இடத்தில் பசைக் கறை மங்கலாகத் தெரியும். "அது மட்டும் போக மாட்டேங்குது. எதைப் போட்டாலும் போகாது."

இதைப் பத்திரிகையில் எழுதட்டுமா என்று கேட்டேன். பேரும் தெருவும் வேண்டாம் என்றார். தந்திரம் வெளியே தெரிந்துவிடுமே என்றேன். "தெரிஞ்சா என்ன? தெரிஞ்சவனுக்கும் ஏறி வர ஒரு சாக்கு வேணும்ல?" அப்படிச் சொன்னவர், ஒரே ஓர் ஆள் விஷயத்தில் மட்டும் அந்த நம்பிக்கை இல்லாமல் இருந்தார்.

மச்சினன் இப்போது குடிக்கிறான். எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இவர் விட்ட பிறகு என்பது மட்டும் தெரியும். வேன் முதலாளி ஒரு நாள் காலையில் வாயை ஊதச் சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டார். அவன் மனைவி ஒரு பெட்டியோடு புறப்பட்டு இவர் வீட்டு முன்னறையில் வந்து இருக்கிறாள். "தெளிஞ்சு வரட்டும், நானும் வரேன். இல்லேன்னா இல்ல" என்பது அவள் பேச்சு. அக்காக்காரி சாப்பாடு பரிமாறுகிற கரண்டியாலேயே கணவரைக் குத்துகிறாள்.

"ஊர்ல உள்ளவனையெல்லாம் மாடி ஏத்தறீங்க. என் தம்பி மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரியுது. நான் போய்க் கூட்டிட்டு வந்தா, அவன் எனக்காக வந்தவனா ஆயிடுவான். மறுநாளே எனக்காகவே நின்னுடுவான்."

"அப்போ அந்தக் கண்ணாடியத் தூக்கச் சொல்லுங்க!"

அதுதான் முடியாது. இந்தக் கண்ணாடித் தந்திரத்தை இவர் வீட்டில் சொன்ன அன்று, சாப்பிட வந்திருந்த மச்சினன்தான் விழுந்து விழுந்து சிரித்தான். "எந்த மடையன் மாமா இதுல மாட்டுவான்?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டானாம். என்னிடம் இதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரர் மெழுகுப் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், பார்த்தார், திரும்பச் செருகிக்கொண்டார். "எல்லாருக்கும் ஒரு சாக்கு வெச்சிருக்கேன் சார். அவனுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல."

போன மாதம் வெளியாட்கள் கூட்டத்துக்கு நான் போனபோது அவர் வழக்கம்போல் படியடியில் நின்றிருந்தார். ஆனால் என்னைக் கண்டு தலையாட்டவில்லை. அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். எதிர்ச் சாரியில், மூடியிருந்த ஒரு கடையின் நிழலில், தோள் பருத்த ஒருவன் நின்று கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தான். தெருக்கோடி வரை நடந்தான். திரும்பி வந்தான். சவரம் செய்யாத முகம். சட்டை மட்டும் புதிதாகத் தேய்த்தது.

"மச்சினனா?" என்றேன்.

"பேசாதீங்க" என்றார் உதடு அசையாமல்.

வேறு யாராக இருந்தாலும் இதற்குள் தொண்டையைக் கனைத்திருப்பார். அன்று கனைக்கவில்லை. கண்ணாடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. கூப்பிடுங்களேன் என்று கத்த வேண்டும்போல் எனக்கே இருந்தது. அவன் இன்னொரு முறை தெருக்கோடிக்குப் போனான். இனி வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். நேராகத் தெருவைக் கடந்து எங்கள் முன்னால் வந்து நின்றான். கண்ணாடியைப் பார்த்தான். மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன மாமா, கூட வந்த ஆளு காணாமப் போயிட்டானா?"

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. "ஆமா மாப்ள. ரொம்ப நாளாக் காணோம்."

"ஒரு கை பிடிக்கட்டுமா?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குனிந்து கீழ்ப்பக்கத்தைப் பிடித்தான்.

"மாப்ள, அந்தப் பக்கம் பாரம்."

"உங்களையே தூக்கியிருக்கேன். இது என்ன பெரிய பாரம்."

கண்ணாடிக்காரர் மேற்பக்கத்தைப் பிடித்து, அந்தப் படியில் முதல் தடவையாகப் பின்பக்கமாக ஏறினார். படியைக் காலால் தடவித் தடவி ஏறினார். கம்பளித் துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். பாதிப் படியில் கண்ணாடி அதிரத் தொடங்கியது. படிக்கட்டு விளக்கின் வெளிச்சம் அதில் பட்டுச் சுவரெல்லாம் நடுங்கியது.

"கை நடுங்குது மாமா."

"நடுங்கட்டும். உடைஞ்சா வேற வெட்டிக்கலாம்."

நான் தூக்கின அன்று, பார்த்துப் பார்த்து என்று என் உயிரை வாங்கியவர் இவர். இந்தக் கண்ணாடி உடைந்தால் உடையட்டும் என்று இவர் வாயால் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

மேலே உறை போட்ட தையல் மிஷின்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. கரும்பலகையில் ஒரு சட்டையின் அளவுகள் அழிக்கப்படாமல் இருந்தன. எலக்ட்ரிக் பில் பெரியவரும் மற்றவர்களும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர்களுக்குத் தெரியும். கண்ணாடியைச் சுவரில் சாய்த்தார்கள். மச்சினன் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். அறையைப் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான்.

வாசலில் கண்ணாடிக்காரர் நின்றிருந்தார். இரண்டு பக்க நிலையையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவரே அதை அறியவில்லை என்று நினைக்கிறேன். வழக்கமாகச் சொல்கிற வார்த்தை வரவில்லை. மச்சினன் அந்தக் கைகளையே பார்த்தான். எந்தப் பூட்டின கதவு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் அப்போது வந்து நின்றது என்று, அவர்களைத் தவிர அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கண்ணாடிக்காரர் தன் கைகளைப் பார்த்தார். ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார். இரண்டடி தள்ளி நின்றார். படி நன்றாகத் தெரிந்தது.

"போறதுன்னா போகலாம், மாப்ள."

அவ்வளவுதான் வந்தது. மீதி வரவில்லை. விறுவிறுவென்று கண்ணாடியிடம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, இடுப்புத் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். கைரேகைகள் இருந்த இடத்தை அல்ல. எதைப் போட்டாலும் போகாது என்று அவரே சொன்ன அந்தப் பசைக் கறையை. துடைத்த இடத்தையே துடைத்தார். அறையில் அந்தத் துணியின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பின்னால் ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது. யாரோ கனமாக உட்கார்ந்தார்கள்.

துணி நின்றது. பிறகு துணியை ஒரு உதறு உதறி, நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே மீதியைச் சொன்னார்.

"இருக்கறதுன்னா டீ இருக்கு."